முன்குறியில் முக்கால் மில்லிமீற்றர்

வெள்ளவத்தை,
2025 ஓகஸ்ட் 4

அன்புள்ள ஜவாத்,

இன்று காலை, கனகேஸ்வரி வாசலில் மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்த வேளையில், ஓர் அரம் வாங்குவதென நான் முடிவெடுத்தேன். இந்த நாட்டில் இதைவிடக் குறைந்த யோசனையோடு பெரிய முடிவுகள் எடுக்கப்பட்டுள்ளன. நான் மூன்று வாரம் யோசித்தேன். ஆறு அங்குலம், தட்டை, மிக நுண்ணிய பல். காலி வீதியில் ஒரு கடையில் இருக்கிறது. இன்னும் வாங்கவில்லை. உமது சம்மதம் கிடைத்த பிறகே வாங்குவேன், ஏனென்றால் அராவப்பட வேண்டியது உமது ரிவோல்வர்.

இதைத் தொலைபேசியில் சொல்லாமல் தபாலில் ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர். உமது இலக்கத்தை அழித்துவிட்டேன். திரும்பப் பெற வேண்டுமானால் நம் துவக்குச் சூட்டுக் கழகச் செயலாளர் மஹ்ரூப்பிடம் கேட்க வேண்டும். அவரோ அன்று முதலில் சிரித்தவர். கனகேஸ்வரியிடமும் கேட்கலாம். அவளும் உமது ஜவாஹிறாவும் நாள் தவறாமல் வட்ஸ்அப்பில் கதைக்கிறார்கள். ஆனால் அவளிடம் கேட்டால் கோபம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவாள். முடியவில்லை.

அன்று நடந்ததை நீர் சிறிய விஷயமாக நினைப்பதாக அறிகிறேன். என் முறைக்கு ஆறு ரவை போட்டுத் தந்தீர். அதில் ஒன்று ஏற்கெனவே சுட்ட வெறுங்கோது. நான் விசையை இழுத்தேன். சத்தம் வரவில்லை. ஆனால் குழல் வாய், அமைச்சரைக் கண்ட எழுதுவினைஞரைப் போல, தானாகவே குனிந்தது. "ஸ்ரீ அண்ணன்ட துவக்கு கும்பிடு போடுதே!" என்றார் மஹ்ரூப். கழகம் முழுவதும் சிரித்தது. வெடிக்கும் முன்பே என் கை பயந்து கீழே அழுத்துகிறது என்பதை நிரூபித்துவிட்டீர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயம் ஒரு அங்குலத்துக்குத்தான் விளக்கம் சொல்லும். என் சூடுகள் நாலு அங்குலம் கீழே போகின்றன. மிச்ச மூன்று யாருடையவை?

உமது ரிவோல்வரின் குறிகள் அசையாதவை. திருகாணி இல்லை, திருப்பினால் ஏறி இறங்காது. பின்னால் சட்டத்தில் ஒரு வெட்டு, முன்னால், முன்குறியாக, குழலோடு வார்த்த ஒரு தகடு. இப்படிப்பட்ட துவக்கு கீழே சுட்டால் வைத்தியம் ஒன்றே: முன்தகட்டைச் சற்று அராவிக் குட்டையாக்குவது. தகடு குட்டையானால் அதை வெட்டோடு மட்டம் பார்க்கக் குழலைச் சற்று உயர்த்த வேண்டும். சூடும் உயரும். கணக்கும் போட்டேன். இருபத்தைந்து யாரில் நாலு அங்குலம் ஏற, தகட்டிலிருந்து எடுக்க வேண்டியது முக்கால் மில்லிமீற்றரிலும் சற்றுக் குறைவு.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உமக்குத் தெரியும். டிசம்பரில் மகள் சஹ்லாவோடு வசிக்க மெல்பேர்ன் போய்விடுவீர். அதற்குள் துவக்கு என் பெயருக்கு மாறும், அல்லது அரசாங்கத்துக்குப் போகும். முப்பது வருடமாக, பஸ்ஸில் பக்கத்து ஆளின் பத்திரிகையை வாசிப்பவனைப் போல, உமது அனுமதிப்பத்திரத்தில் உமக்குப் பக்கத்தில் நின்று சுட்டிருக்கிறேன். யுத்த காலத்தில் என்னுடைய பெயரோடு ஒருவன் கைத்துவக்குக்கு விண்ணப்பித்திருந்தால் அனுமதிக்குப் பதில் தங்குமிடம் கொடுத்திருப்பார்கள். பிறகு இரண்டு தடவை விண்ணப்பித்தேன். பதில் இல்லை. இந்தத் தடவை நீரே கையெழுத்திட்டு மாற்றித் தருகிறீர். கோபத்துக்கு முன்பே கையெழுத்திட்டீர் என்பதால் அது செல்லும்.

என் பெயருக்கு வரும் துவக்கு, நான் பார்க்கும் இடத்தில் சுட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பெரிய ஆசை அல்ல.

இப்படிக்கு,
ஸ்ரீஸ்கந்தராசா

*

கொட்டாஞ்சேனை,
2025 ஓகஸ்ட் 11

ஸ்ரீ மச்சான்,

உங்கள் கடிதமும் கரண்ட் பில்லும் ஒன்றாக வந்தன. பில்லைத்தான் முதலில் வாசித்தேன், அது சிறியது.

அரம் வேண்டாம். அது வாப்பாவின் துவக்கு. அவர் அதை ஒரு தரமும் சுடவில்லை, எண்ணெய் மட்டும் போட்டார். முன்குறி தலைமயிர் இல்லை, வெட்டினால் திரும்ப வளர. அராவியது அராவியதுதான்.

நான் சுட்டால் கறுப்பு வட்டத்துக்குள் போகிறது. நீங்கள் சுட்டால் கீழே போகிறது. துவக்கு ஒன்று, தூரம் ஒன்று, கழகம் ஒன்று. இடையில் மாறுவது நீங்கள் மட்டும்தான். இதற்குக் கணக்குத் தேவையில்லை.

வெறுங்கோது போட்டது உங்களுக்குக் காட்டத்தான். மஹ்ரூப்பை முதலில் பிளேன்டீ எடுக்க அனுப்பியிருக்க வேண்டும். அது என் பிழை. அதற்கு மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள், மற்றதற்கு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், மனதில் வைத்திருந்தால் பாரம். ஒவ்வொரு ஞாயிறும் புதுப் பெட்டியை உடைத்து உங்களுக்குத்தான் போடுகிறேன். நான் சுடுவது பழைய பெட்டியில் பச்சை பிடித்த மிச்சத்தை. அதைச் சுட்டே நான் கறுப்பில் அடிக்கிறேன். பளபளப்பான புது ரவையைச் சுட்டுவிட்டுத் துவக்கு சரியில்லை என்கிறீர்கள். ஜவாஹிறா சொல்கிறாள், "ரெண்டு பேரும் ஒரு இரும்புத் துண்டுக்குப் பின்னால பைத்தியம் புடிச்சி அலையிறீங்க, போனை எடுத்துப் பேசுங்களே" என்று. உங்கள் இலக்கம் என்னிடம் இருக்கிறது. ஆனால் நீங்கள்தான் அழித்தீர்கள், நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் பழகுங்கள். துவக்கு இல்லாவிட்டால் பாரமான, விசை உள்ள ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். சுவரில் ஒரு புள்ளி. மெல்ல இழுங்கள். வெடிக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். கால் மணி நேரம் போதும்.

மாற்றல் விண்ணப்பத்துக்கு உங்கள் பக்கத்துப் பொலிஸ் அறிக்கை கேட்பார்கள். அதுவரை யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். நான் போகும் முன் அது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் எனக்கும். அரசாங்கக் களஞ்சியத்தில் துருப்பிடிக்க விட மனமில்லை.

ஜவாத்

*

வெள்ளவத்தை,
2025 ஓகஸ்ட் 21

அன்புள்ள ஜவாத்,

உமது ஆலோசனையைப் பின்பற்றினேன். விளைவை அறியத் தருகிறேன்.

பாரமும் விசையும் உள்ள பொருள் என்று வீட்டைத் தேடியதில், குளியலறை ஓடுகளின் இடைவெளியை அடைக்க வாங்கிய சிலிக்கோன் துவக்கு கிடைத்தது. குழாயை ஏற்றினால் ரிவோல்வரைவிடச் சற்றுப் பாரம். சுவரில் புள்ளி வைத்தால் வெள்ளையடித்தது கெடும் என்று கனகேஸ்வரி தடுத்தாள். ஆகவே ஜன்னல் வழியாக எதிர்த் தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கியை இலக்காகக் கொண்டேன். இரு கையாலும் பிடித்து, மூச்சை நிறுத்தி, மெல்ல. முதல் மூன்று நாளும் நல்ல முன்னேற்றம்.

நாலாம் நாள் கதவு தட்டப்பட்டது. இரண்டு பொலிஸ்காரர். எதிர் வீட்டில் யாரோ, வயதான தமிழர் ஒருவர் தினமும் ஜன்னலில் நின்று துவக்கால் குறிபார்க்கிறார் என்று அறிவித்திருக்கிறார்கள். தகவலில் பிழை இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

இளையவர் அதைக் கையில் எடுத்து, "அங்கிள், மேக மொகக்த?" என்றார். இது என்ன என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் சிங்களத்தில் அதைத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. கனகேஸ்வரி குசினிக்குள் இருந்தபடியே, குளியலறைக்கு என்று விளங்கும்படி, "பாத்ரூம் எகட்ட, சேர்!" என்றாள். அவர்களைக் குளியலறைக்குக் கூட்டிப்போய் ஓட்டையைக் காட்டினாள். மூத்தவர் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின் என் கையில் அதைத் திரும்பக் கொடுத்து, "பிடிச்சுக் காட்டுங்க" என்றார் சைகையால். பிடித்தேன். கட்டைவிரல் தவறான இடத்தில் இருக்கிறது என்று திருத்திவிட்டார். முன்பு படையில் இருந்தவராம்.

போகும்போது பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழில் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற காப்புறுதிக் கணக்காளர் என்றேன். "உங்களுக்கு வேற வேலை இல்லையே? அந்த ஓட்டையையாவது அடையுங்கோவன்," என்றாள் கனகேஸ்வரி, கதவைச் சாத்திவிட்டு. அன்று மாலை அடைத்தேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து அரசாங்கங்களில் எத்தனையோ தடவை என் பெயரை யார் யாரோ எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தத் தடவைதான் முதன்முதலாக, எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. விண்ணப்பத்துக்கு அறிக்கை எழுதப்போவதும் இதே நிலையம்தான் என்பதை நினைக்கும்போது களைப்பாக இருக்கிறது.

கை நடுங்கவில்லை. அழுத்தவும் இல்லை. இருந்தும் துவக்கு கீழேதான் சுடும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்ரீஸ்கந்தராசா

*

கொட்டாஞ்சேனை,
2025 செப்டெம்பர் 1

ஸ்ரீ மச்சான்,

பொலிஸ் கதையை ஜவாஹிறா எனக்கு முன்பே கேட்டுவிட்டாள். இரண்டு நாள் சிரித்தாள், மூன்றாம் நாள் அழுதாள். ஏன் என்று கேட்டேன். "அவரு பேர எழுதிட்டுப் போயிருக்காங்க, அதுல சிரிக்க என்னா இருக்கு?" என்றாள். எனக்கும் நித்திரை வரவில்லை. சுவரில் புள்ளி வைக்கச் சொன்னவன் நான்.

நேற்று ஞாயிறு. தனியாகக் கழகத்துக்குப் போனேன். உங்கள் முறை ஆறையும் நானே சுட்டுவிடுவோம் என்று புதுப் பெட்டியை எடுத்தேன். மச்சான், அந்தப் பெட்டியில் ஒன்றைக்கூட நான் இதுவரை சுட்டதில்லை. அது உங்களுக்கு வாங்கியது. கூப்பிட்டு வந்த ஆளுக்குப் பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை நான் எடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வாப்பாவின் காலத்திலும் இல்லை. சாப்பாட்டில் இல்லை, ரவையில் எப்படி?

மணல் மூட்டையில் கையை ஊன்றிச் சுட்டேன். பயமில்லை, அவசரமில்லை. ஆறும் நாலு விரல், உங்கள் அளவில் மூன்று அங்குலம், கீழே. திரும்ப ஆறு. அதே இடம்.

பழசில் ஆறு சுட்டேன். கறுப்புக்குள்.

பெட்டிகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன், அளவும் ஒன்றுதான். ஆனால் புதுசின் ஈயத் தலை மூன்றில் ஒரு பங்கு இலேசு. கழகம் போன வருடம் இறக்கியது எல்லாம் இதுதானாம். மஹ்ரூப்பிடம் கேட்டேன், "அது தெரியும் தானே நானா, மலிவு" என்றார். இலேசான தலை வேகமாகப் போய்விடும். சுட்டதும் குழல் மேலே எழும்புமே, அந்த எழும்பலுக்கு முன்பே வெளியே போய்விடுகிறது. அதனால் கீழே. பாரமான பழசு சற்றுத் தாமதித்து, எழும்பலோடு சேர்ந்து போகிறது. வாப்பாவின் துவக்குப் பழசுக்குச் செய்த துவக்கு.

உங்கள் மூன்று அங்குலம் என்னுடையது. ஒரு அங்குலம் உங்களுடையது. அதை விட்டுக் கொடுக்க மாட்டேன்.

பழசில் இனி ஒன்பதுதான் இருக்கின்றன. அந்த ரகம் இனி வராது. நவம்பரில் மூத்தவர்களுக்கான சோடிப் போட்டி. புது ரவையில்தான் சுட வேண்டும். பிறகு துவக்கு உங்களுக்கு வந்தாலும் புது ரவைதான். அதனால் அரத்தை வாங்குங்கள். ஞாயிறு கொண்டு வாருங்கள். முக்கால் மில்லிமீற்றரை ஒரேயடியாக எடுக்க வேண்டாம். நாலு இழுப்பு, ஒரு தரம் சுடுவோம். திரும்ப நாலு இழுப்பு. அராவுவது நீங்கள், பிடிப்பது நான். என் கையால் அராவ எனக்கு மனம் வராது.

வலது பக்கம் இரண்டு விரல் போகிறது என்று குழலைத் திருப்பச் சொல்லிவிடாதீர்கள். அதற்கு இருவரும் இடப்பக்கம் பார்த்துச் சுடுவோம்.

ஜவாத்

*

வெள்ளவத்தை,
2025 செப்டெம்பர் 5

ஜவாத்,

அரம் வாங்கியாகிவிட்டது. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். குளியலறைக்கு என்றேன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

முப்பது வருடமாக எனக்கு நல்லதையே தந்தீர் என்றும், அதனாலேயே நான் தவறிக்கொண்டிருந்தேன் என்றும் இன்று தெரிந்துகொண்டேன். போன வருடத்துக்கு முன்பு நான் தவறியதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அதை விசாரிக்க வேண்டாம்.

ஞாயிறு வருகிறேன். கோபம் முடிந்ததாக அர்த்தமில்லை. ஒத்திவைக்கப்பட்டுள்ளது. கனகேஸ்வரி ஜவாஹிறாவுக்கு ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் தந்துவிடுகிறாள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அராவிய இடம் வெள்ளையாகப் பளிச்சிடும், வெயிலில் கண் கூசும். மண்ணெண்ணெய் விளக்கொன்று கொண்டு வாரும். புகைக்கரி பிடித்தால் நல்ல கறுப்பு.

ஸ்ரீ

*

கொட்டாஞ்சேனை,
2025 நவம்பர் 26

ஸ்ரீ மச்சான்,

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். உங்கள் இலக்கத்தை இப்போது நான் பார்த்துப் பார்த்து அழுத்த வேண்டியதில்லை, விரலுக்குப் பழகிவிட்டது. ஆனால் சில விஷயம் தொலைபேசியில் பாதியோடு நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

சோடிப் போட்டியில் நமக்கு மூன்றாம் இடம் என்று மஹ்ரூப் வாசித்தபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டேன். கேடயத்தில் முதலிடத்தின் பெயர் மட்டும்தான் பொறிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் கடைசி இரண்டையும் வெளியே விட்டேன். கண் கலங்கியது, வேறொன்றும் இல்லை. உங்கள் கடைசி ஆறை நான் அளந்து பார்த்தேன். ஒரு தேநீர்ச் சாசரால் மூடலாம். நடுவில். அந்த இலக்குத் தாளை நான் எடுத்துவைத்தேன், கேட்டாலும் தரமாட்டேன். ஜவாஹிறா அதைத் தெரியாமல் வட்டிலப்பச் சட்டிக்குச் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். பரவாயில்லை, சட்டியும் மெல்பேர்ன் வருகிறது, தாளும் வருகிறது.

துவக்கை நேற்றுப் பொலிசில் ஒப்படைத்தேன். மாற்றல் முடியும் வரை அங்கேதான் இருக்க வேண்டுமாம். பிறகு உங்களைக் கூப்பிட்டு, ஒரு பரிசோதகர் பார்த்து, உங்களிடம் தருவார். கொண்டுபோகும் முன் இரவிரவாகத் துடைத்தேன். குழலுக்குள், உருளைக்குள், விசைக்குப் பின்னால், எல்லா இடமும். முன்குறியை மட்டும் தொடவில்லை. நீங்கள் விளக்கில் பிடித்த கரி அப்படியே இருக்கிறது. கையில் கிடைத்ததும் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நேரே போய்ச் சுடலாம்.

டிசம்பர் மூன்றாம் தேதி போகிறோம். விமான நிலையத்துக்கு வர வேண்டாம். வந்தால் நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன், பாஸ்போட்டைத் தவறவிடுவேன்.

அங்கே போய் விலாசம் எழுதுகிறேன். சஹ்லா சொல்கிறாள், அந்த ஊரில் ரவைக்கு முன் மூன்று வகுப்புக்குப் போக வேண்டுமாம்.

வஸ்ஸலாம்,
ஜவாத்

*

வெள்ளவத்தை,
2026 பெப்ரவரி 17

அன்புள்ள ஜவாத்,

உமது கடிதமும் மெல்பேர்ன் வெயிலைப் பற்றிய ஜவாஹிறாவின் பதினேழு குரல் பதிவுகளும் கிடைத்தன. கனகேஸ்வரி அவற்றைச் சமைக்கும்போது போட்டுக் கேட்கிறாள். எங்கள் வீட்டில் இப்போது அவுஸ்திரேலியாவின் காய்கறி விலை எல்லோருக்கும் தெரியும்.

துவக்கு என்னவாயிற்று என்று இரண்டு தடவை கேட்டிருந்தீர். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதலில் நல்ல செய்தி. எங்கள் பக்கத்துப் பொலிஸ் அறிக்கை மிக நன்றாக இருந்ததாம். நாம் பயந்த விஷயம் அதில் இருந்தது. ஆனால் அந்த மூத்தவர், "வீட்டுத் திருத்த வேலையில் ஈடுபாடுள்ள, அமைதியான முதியவர்" என்று எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி அரசாங்கம் எழுதியவற்றுள் இதுவே சிறந்தது.

ஜனவரி இறுதியில் கூப்பிட்டார்கள். சேட்டும் சப்பாத்தும் போட்டுப் போனேன். பரிசோதகர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், தமிழ் கொஞ்சம் தெரியும், மிக மரியாதை. துவக்கின் இலக்கத்தைச் சரிபார்த்தார். உருளையைச் சுற்றிப் பார்த்தார். "நல்லா வச்சிருக்காங்க," என்றார். நான் உம்மை நினைத்தேன். பிறகு குழலின் நுனியை விரலால் தடவினார். விரல் கறுத்தது. கடதாசித் துண்டால் விரலைத் துடைத்தார், பிறகு முன்குறியையும் துடைத்தார். வெள்ளை இரும்பு தெரிந்தது.

"இது என்ன அங்கிள்?"

குளியலறைக்கு என்று சொல்லும் இடம் அது அல்ல. அராவியிருக்கிறது என்றேன். எவ்வளவு என்று கேட்டார். முக்கால் மில்லிமீற்றரிலும் சற்றுக் குறைவு என்றேன். ஏன் என்று கேட்டார். இலேசான ஈயம், குழல் எழும்புவது, நாலு அங்குலம், இருபத்தைந்து யார், எல்லாவற்றையும் ஒரு தாளில் படம் வரைந்து விளங்கப்படுத்தினேன். அவர் மிகக் கவனமாகக் கேட்டார். என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. தாளைத் தாம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்தேன்.

பிறகு கேட்டார்: "அராவினது யார்? லைசன்ஸ்காரரா, நீங்களா?"

லைசன்ஸ்காரர் மெல்பேர்னில் இருக்கிறார், அவருக்கு இனி இங்கே எதுவும் ஆகாது, அவர் என்று சொன்னால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடியலாம் என்று அந்த அறையில் இருந்த இன்னோர் அலுவலர் மெதுவாகச் சொன்னார். நல்ல மனிதர். நான்தான் என்றேன். நீர் பிடித்தீர், அராவியது நான். நீர் பிடித்ததை அவர் கேட்கவில்லை.

கடிதம் நேற்று வந்தது. அனுமதியின்றி ஆயுதம் ஒன்றில் மாற்றம் செய்தவர் என்பதால் விண்ணப்பதாரரின் பெயருக்கு மாற்ற இயலாது. ஆயுதம் அரசாங்கக் களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.

மஹ்ரூப் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார். கழகத்துக்கு வராமல் இருந்துவிட வேண்டாம் என்றார். ஞாயிறுகளில் போகிறேன். இலக்குத் தாள்களைக் கழற்றி, துளைகளில் கறுப்புக் கடதாசி ஒட்டித் திரும்ப மாட்டுகிறேன்.

ஸ்ரீ